செட்டியார் ஜோடியின் முதுகு

“யாரோ ஒரு பாவி இதைப் பாழ் பண்ணி வெச்சிருக்காங்க” என்று அந்த ஆள் சொன்னபோது, அந்தப் பாவி அவருக்கு இரண்டடி தள்ளி, கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நான்தான். ஒரு வாய் குடித்த டம்ளரை அதற்கு மேல் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

நின்ற இடம் டீச்சரம்மா வீட்டு முன்னறை. அந்த ஆள் கையில் இருந்தது செட்டியார் பொம்மை. கொலுவின் கீழ்ப்படியில் அரிசி, பருப்பு என்று கடை பரப்பிக்கொண்டு தொந்தியும் தொப்பையுமாக ஒரு செட்டியாரும், பக்கத்தில் அவர் வீட்டுக்காரியும் உட்கார்ந்திருப்பார்களே, அந்த ஜோடி. டீச்சரம்மாவின் மாமியாருக்கும் மாமியார் காலத்து மண் பொம்மைகள். அவற்றுக்குப் பளபளவென்று எனாமல் அடித்து, செட்டியாருக்கு மீசையை முறுக்கி, செட்டிச்சிக்கு ரோஸ் கலர் புடவை கட்டி, நகைக்கெல்லாம் தங்கப் பெயிண்ட் வைத்தது நான். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், என் பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது.

என் தொழிலே அதுதான். புதுப் பொம்மை செய்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் வருகிறது, பெட்டி கட்டிக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள். நான் பழைய பொம்மைக்காரி. விரல் உடைந்தது, மூக்கு போனது, வர்ணம் உதிர்ந்தது எல்லாம் என்னிடம் வரும். மூளிப் பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறதில்லையா, அந்தக் கணக்கில்தான் என் அடுப்பு எரிகிறது. ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டு முன்பக்கம் தகரக் கூரை போட்டு வேலைக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறேன். ஆவணி பிறந்தால் அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கும் டீச்சரம்மா வீட்டிலிருந்து ஒரு தசாவதார செட்டை வர்ணம் அடிக்க எடுத்து வரத்தான் போயிருந்தேன்.

வந்தவர் சென்னைக்காரர். வீடு வீடாகப் போய்ப் பழைய கொலு பொம்மைகளை வாங்குகிறவர். கையில் வெள்ளைக் கையுறை, சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டார்ச். பேச்சில் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. பொம்மை துணி சுற்றித் தகரப் பெட்டியில் இருந்தது. டீச்சரம்மா செட்டியாரை எடுத்துத் தோள் வரைக்கும் துணியைப் பிரித்துக் கொடுத்தார். அந்த ஆள் பொம்மையின் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அந்தப் பாவியைத் திட்டினார். பிறகு விலையைச் சொன்னார். இந்த அச்சு இப்போது யாரிடமும் கிடையாதாம். ஒரிஜினல் வர்ணம் அப்படியே இருந்திருந்தால், மங்கி, உரிந்து, எப்படி இருந்திருந்தாலும், ஜோடிக்கு நாற்பதாயிரம் தந்திருப்பாராம். இப்போது எண்ணூறு ரூபாய்க்கு மேல் தேறாதாம். மிச்சத் துணியைப் பிரிக்கவே விடவில்லை, போதும், கட்டிடுங்கம்மா என்றார்.

யார் அடித்தது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“தெரியலையேப்பா. எந்தக் காலத்துலயோ யாரோ அடிச்சது” என்றார் டீச்சரம்மா.

என் பக்கம் ஒரு பார்வைகூடத் திரும்பவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை நோட்டைக் காணோம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே காதைத் திருகுகிற டீச்சரம்மா, எழுபத்திரண்டு வயதில் எனக்காக ஒரு பொய் சொன்னார். அதுவும் கூசாமல்.

அந்த நாற்பதாயிரம் அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், பென்ஷன் என்று ஒரு காசு கிடையாது. நவராத்திரி முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூரில் மகளோடு போய் இருப்பதாக முடிவாகியிருந்தது. மகள் தங்கமான பெண், மருமகனும் குறை சொல்ல முடியாதவர். ஆனால் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கக்கூட இன்னொருத்தரிடம் கை நீட்ட வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. வேறு விற்க ஒன்றும் இல்லை. கழுத்தில் இருந்ததெல்லாம் மகள் கல்யாணத்தோடு போயிற்று. “என் காசுன்னு நாலு காசோட அந்த வாசப்படி ஏறணும்மா” என்று அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் இந்தப் பக்கம் மறுபடி வருவேன், வேறு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் காரில் ஏறிப் போய்விட்டார். டீச்சரம்மா டீ டம்ளரைக் கழுவப் போனார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆறிப்போன டீயைக் கொடு, வேறு போட்டுத் தருகிறேன் என்கிறார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முதலில் அந்த ஆள்மேல். பாவியாம் பாவி! அன்றைக்கு எல்லோரும் கேட்டது பளபளப்புதானே. மங்கலாக இருந்தால் வீட்டுக்கு ஆகாது, நன்றாக மின்னுகிற மாதிரி அடித்துக் கொடு என்று தெருவே என் வீட்டு வாசலில் நின்றது. நான் அடித்த செட்டியாரைப் பார்த்து டீச்சரம்மாவே கையைத் தட்டினார். அப்புறம் கோபம் என்மேலேயே திரும்பிற்று. ஷேர் ஆட்டோவில் தசாவதாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள், பஸ் ஸ்டாண்டு தாண்டும் முன்பே நிறுத்தச் சொல்லி இறங்கி, வெயிலில் திரும்ப நடந்தேன். அந்த ஜோடியை என்னிடம் கொடுங்கள், நான் அடித்ததை நானே எடுக்கிறேன் என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வீணாகப் போனால் போகட்டும், எண்ணூறு ரூபாய்தானே என்று சொல்லிப் பெட்டியோடு கொடுத்தார்.

இந்த விலை விவகாரம் எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும், வயிறும் எரியும். ஒரு வீட்டில் பொம்மையை மதித்து, வருடா வருடம் துடைத்து, வர்ணம் அடித்து, உடைந்த கையை ஒட்டி, உட்காரவைத்துச் சுண்டல் படைத்து வைத்திருப்பார்கள். அதற்கு விலையில்லை. இன்னொரு வீட்டில் பரணில் போட்டு மறந்திருப்பார்கள். எலி ஓடி, ஒட்டடை படிந்து, அப்பன் செத்த பிறகு பரணைக் காலி செய்யும்போது கிடைக்கும். அதற்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். என் கையால் புதுசாக்கி அனுப்பிய நூற்றுக்கணக்கான பொம்மைகள் விலை இழந்தவை, என் கைக்கு வராமல் தப்பித்தவை விலை ஏறியவை. இதை எந்தப் பெண்ணால் தாங்க முடியும்? ஆனால் சந்தை என் மனசைக் கேட்டா நடக்கிறது! ஒரு காலத்தில் எல்லா வீட்டுக்காரரும் போட்டி போட்டு வாங்கின பிளாஸ்டர் கிரிக்கெட் டீமை இன்றைக்கு இனாமாகக் கொடுத்தாலும் ஆளில்லை. காதில் அரைத் துண்டு இல்லாத ஒரு மண் யானைக்கு ஆள் தேடி வருகிறான்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். ஆவணி மாதம், வாசலில் ஆட்கள் பொம்மையோடு நிற்கிறார்கள். பாதிப் பேரை வேறு கைக்கு அனுப்பினேன். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சாப்பிட வந்தவர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சீசனில் சம்பாதிக்காமல் எண்ணூறு ரூபாய்ப் பொம்மையைச் சுரண்டுகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார். சொல்லட்டும். நான் பிடித்தால் விடுகிற ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும்.

எனாமலை எடுப்பது லேசில்லை. பழைய வர்ணம் பசையில் குழைத்து அடித்தது, தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். அதனால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. பஞ்சில் தின்னரை நனைத்து, கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடத்தில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். கொஞ்ச நேரத்தில் எனாமல் பால் ஏடு மாதிரி சுருங்கும். அதை மூங்கில் சிம்பால் மெல்லத் தூக்கி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் அடியில் இருப்பதும் கூட வந்துவிடும். பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தால் ஒரு உள்ளங்கை அகலம் தேறும், தலைவலி தனி.

முகத்தில் கை வைக்கப் பயமாக இருந்தது. முதுகில் ஆரம்பித்தேன். செட்டிச்சியின் முதுகு. முதல் ஏடு உரிந்து வந்ததும் அடியில் அரக்குக் கலர் தெரிந்தது. நான்கு நாளில் முதுகு முழுக்கத் திறந்தேன். அடேயப்பா! அரக்குப் புடவை, கடுகு மஞ்சளில் கரை. அந்தக் கரைக்குள் முடி போன்ற கோட்டில் கட்டம் கட்டமாக வேலை. கொண்டையில் மல்லிகைச் சரம், ஒவ்வொரு அரும்பும் தனித்தனிப் புள்ளி. எந்த மகராசன் கையோ, எந்த மகராசி கையோ. செட்டியார் முதுகிலும் அப்படியே. துண்டு மடிப்பு, இடுப்பு வேட்டியின் கொசுவம், முதுகில் விபூதிப் பட்டை, எல்லாம் அப்படி அப்படியே இருந்தது. நான் கட்டின ரோஸ் கலர் புடவையை நினைத்துக் கூசிப்போனேன்.

சந்தோஷம் தாங்காமல் அன்று மத்தியானமே டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் அடியில் பத்திரமாக இருக்கிறது, நாற்பதாயிரம் உங்களுடையது, தைரியமாக இருங்கள் என்று சொன்னேன். அவர், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் செட்டியாரின் தொந்தியில் பஞ்சை வைத்தேன். ஏடு எழும்பிற்று, தூக்கினேன். அடியில் மண். வெறும் செம்மண். இரண்டு விரல் தள்ளி வைத்துப் பார்த்தேன், மண். மார்பில் மண், தொடையில் மண். செட்டிச்சியைத் திருப்பி அவள் மடியில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் மண். கோடு கோடாக வரி விழுந்த மண். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உப்புத்தாள் போட்ட வரி அது. புது வர்ணம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று, அடிப்பதற்கு முன்னால் பழையதை மண் தெரிகிற மட்டும் தேய்த்துவிடுவது எங்கள் முறை. தேய்க்காமல் அடிக்கிறவளை வேலை தெரிந்தவள் என்றே சொல்ல மாட்டோம். நான் வேலை தெரிந்தவள். நன்றாகவே தேய்த்திருந்தேன்.

அப்படியானால் முதுகு எப்படித் தப்பித்தது? அதுவும் நினைவுக்கு வந்தது. அதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அன்றைக்குத் தூளியில் கிடந்த பெரியவள் வீறிட்டு அழுதுகொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை பொம்மை வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். கொலுவில் முதுகு சுவரைப் பார்த்துத்தானே இருக்கப்போகிறது, எவள் எட்டிப் பார்க்கப்போகிறாள் என்று முதுகைத் தேய்க்காமலே ஒரே ஒரு கோட்டு, ஒரே பூச்சு, எனாமலை இழுத்துவிட்டேன். கூலி மட்டும் முழுக் கூலி. ஒழுங்காகச் செய்த இடமெல்லாம் நாசம், ஏமாற்றின இடம் மட்டும் பத்திரம். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது.

முகம் மிச்சம் இருந்தது. அது மட்டும் எப்படித் தப்பியிருக்கும், விடு என்று மனசு சொன்னது. ஆனால் ஆரம்பித்ததை முடிக்காமல் டீச்சரம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? செட்டிச்சியின் கன்னத்தில் தொடங்கினேன், மண். நெற்றி, மண். கண்ணுக்கு வந்தேன். நான் வரைந்திருந்தது சினிமாக்காரி மாதிரி அகலக் கண், நேராக முன்னால் பார்க்கிற கண். ஏட்டைத் தூக்கினேன். அடியில் இன்னொரு கண் இருந்தது.

அப்போதுதான் நான் வேலை பழகின பட்டறையின் கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. கண் திறந்த பொம்மையின் கண்ணில் உப்புத்தாள் போடக் கூடாது. கை, கால், மூக்கு எதை வேண்டுமானாலும் தேய், கண்ணை மட்டும் விட்டுவிட்டு அதன்மேலேயே வர்ணத்தை வை என்பார்கள். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை, மீறினதும் இல்லை. மறுநாள் செட்டியாரின் கண்களையும் திறந்தேன். அவர் நேராகப் பார்க்கவில்லை. கடைக்கண்ணால் தன் வீட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரிந்தது. இருபத்தோரு வருடம் நான் அவர்களை வருகிறவன் போகிறவனைப் பார்க்க வைத்திருந்தேன்.

இப்போது என்னிடம் இருந்தது, அரசாங்கப் பரிசு கொடுக்கலாம் போல இரண்டு முதுகு, நான்கு கண், மிச்சமெல்லாம் வெறும் மண். அந்த ஆள் வர ஒன்பது நாள் பாக்கி.

என் வீட்டுக்காரர் பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது. “முதுகுல இருக்குற கலர் உன் கண்ணு முன்னாடியே இருக்குது. அதே மாதிரி முன்னாடியும் அடிச்சிக்கினு போயேன். நீ அடிச்சா எவனுக்குத் தெரியப்போவுது?” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, டீச்சரம்மாவுக்காகத்தான் சொன்னார். உண்மையும் அதுதான். என்னால் முடியும். பசையில் குழைத்த வர்ணம், மேலே கொஞ்சம் டீத் தண்ணீர், விளக்குக் கரி, துணியில் மெழுகு தேய்த்துத் துடைத்தால் நூறு வருடப் பொம்மைதான். ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகளுக்கு நாடகத்துக்கென்று அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அரக்கைக் கலந்தேன். கடுகு மஞ்சளைக் கலந்தேன். முதுகுக் கரையோடு வைத்துப் பார்த்தேன், அச்சாக அதே நிறம். தூரிகையை நனைத்துச் செட்டிச்சியின் மடிக்குக் கொண்டுபோனேன்.

கொண்டுபோனேன், வைக்கவில்லை. பெரிய நியாயஸ்தி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். எனக்கு வந்தது வீம்பு. ஒருமுறை மூடிவிட்டுத் திட்டு வாங்கியாகிவிட்டது, மறுபடியும் மூடுவதா? அப்படி மூடி, அந்த ஆளும் ஏமாந்து, டீச்சரம்மா அந்தப் பணத்தை என் காசு, என் காசு என்று முடிந்துகொண்டு மகள் வீட்டு வாசல்படி ஏறினால், அது அவர் காசா? எனக்காக அவர் ஒரு பொய் சொன்னது போதும், என்னால் அவர் இன்னொரு பொய்யை விற்கக் கூடாது. கலந்த வர்ணத்தை வாசலில் கொண்டுபோய்க் கொட்டினேன். மண்ணை அப்படியே விட்டேன். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த எனாமலைக் காது இடுக்கு, விரல் இடுக்கு, வளையல் இடுக்கு என்று ஒரு பொட்டு விடாமல் எடுத்து முடித்தேன். கடைசி நாள் கை விரலெல்லாம் தோல் உரிந்து சோற்றைத் தொட்டாலே எரிந்தது.

அந்த ஆள் வருகிற அன்று காலையில் ஜோடியைத் துணியில் சுற்றி, வீட்டுக்காரரின் ஆட்டோவிலேயே கொண்டுபோனேன். போனில் அளந்ததெல்லாம் பாதிதான் உண்மை என்று முதலில் டீச்சரம்மாவிடம் சொன்னேன். எப்படிப் பாதியானது என்று மட்டும் சொல்லவில்லை. துணியைப் பிரித்தேன். அவர் செட்டியாரையும் செட்டிச்சியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பதினொரு மணிக்கு அந்த ஆள் வந்தார். இந்தத் தடவை டார்ச்சை எடுத்து ஒரு முறை பொம்மையின் முகத்தில் அடித்தார், அப்புறம் அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனார். முன்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். திருப்பினார். திருப்பினவர் அப்படியே நின்றுவிட்டார். கரையை விரலால் தொடாமல் விரலை மேலே ஓட்டி ஓட்டிப் பார்த்தார். தான் இதுவரை கையில் எடுத்த எதிலும் இந்த மாதிரிக் கோடு இல்லை என்றார். எனாமலை யார் எடுத்தார்கள் என்று கேட்டார். தன் குடோனில் இப்படி மூடி வைத்த பொம்மைகள் அறுபதுக்கு மேல் கிடக்கின்றன, சென்னையில் கொடுத்துப் பார்த்தால் அடி வர்ணத்தோடு சேர்த்து எடுத்துவிடுகிறார்கள், இதை எடுத்தவரின் நம்பர் வேண்டும் என்றார்.

டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இன்னொரு தடவை அவரைப் பொய் சொல்ல விட நான் தயாராக இல்லை.

“எடுத்தது நான்தான் சார். அடிச்சதும் நான்தான். நீங்க சொன்ன பாவி நான்தான்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது, பாவம். சுதாரித்துக்கொண்டு, அப்படியானால் பின்பக்கத்தின் அருமை தெரிந்துதான் தேய்க்காமல் விட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பெரிய மேதையாகியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இல்லை சார், சோம்பேறித்தனம், முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டதுதான், கூலி முழுசாக வாங்கிக்கொண்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போது டீச்சரம்மாவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஆள் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் போனது போனதுதான், ஆனால் இந்த முதுகுக்கும் கண்ணுக்கும் ஜோடி இருபதாயிரம் தருகிறேன் என்றார். சுற்றி வந்து பார்க்கிற மாதிரி கண்ணாடிக் கூண்டில் வைப்பாராம். அவருடைய குடோன் பொம்மைகளை எடுத்துக் கொடுக்க நான் வருவேனா என்றும் கேட்டார். வருகிறேன், ஆனால் டீச்சரம்மாவின் ஜோடிக்கு இருபத்தைந்து என்றால் வருகிறேன், இல்லையென்றால் சென்னையிலேயே கொடுத்து மண்ணாக்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் டீச்சரம்மாவைப் பார்த்தார், டீச்சரம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு இருபத்தைந்தை எடுத்து வைத்தார். ஜோடியைப் பிரிக்கக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று டீச்சரம்மா அவரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

கார் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டீச்சரம்மா ரூபாயைப் பர்ஸில் வைத்து, பர்ஸைப் பெங்களூருக்குப் போகிற பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். பெட்டியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் தேய்ந்துபோன என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகுக் கூலியைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

“வெள்ளிக்கிழமை நீ கொண்டாந்து குடுத்தியே, அன்னிக்கே திருப்பிப் பார்த்தேன். ஒரே கோட்டு. ரோஸுக்கு அடியில பழைய கரை நிழலாட்டம் தெரிஞ்சுது. எடுத்துக்கினு போய் ஒழுங்கா அடிச்சிக் குடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. இடுப்புல பச்சப்புள்ளைய வெச்சிக்கினு கண்ணு உள்ள போய் நின்னுக்கினு இருந்தே. சரி, போவட்டும்னு விட்டுட்டேன்.”

கேட்டிருந்தால் நான் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். ரோஷக்காரி, முதுகையும் மண் தெரிகிற மட்டும் தேய்த்திருப்பேன். இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தோம் என்று நினைக்கிறேன். அவர் எழுந்து டீ போடப் போனார், இந்தத் தடவை டம்ளரில் இருந்ததை நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.